ஒரே ஏட்டுல இருந்தா அது இல்லாத மாதிரி: மேல்சித்தாமூர், வளையாபதி, டேட்டாபேஸ் ரெப்ளிகேஷன்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுல இண்டெக்ஸ் பத்திப் பேசினோம். இன்னைக்கு ரெப்ளிகேஷன், ஹை அவைலபிலிட்டி. நிறைய பேர் மெயில்ல கேட்ட டாபிக் இது. கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: "எங்ககிட்ட ரெண்டு ரெப்ளிகா இருக்கு, நாங்க சேஃப் தானே?"

இதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு குற்ற ஒப்புதல் இருக்கு. அதைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன்.

நான் அழிச்ச முகவரிகள்

வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். வீட்டுக்கு மருந்து டெலிவரி பண்ற ஒரு சின்ன கம்பெனி. பேர் வேண்டாம். ஒரு பிரைமரி டேட்டாபேஸ், ரெண்டு ரெப்ளிகா. அதை அமைச்சதுல எனக்கும் பங்கு உண்டு. இண்டர்வியூவுக்கு யார் வந்தாலும் "எங்க சிஸ்டம் ஹை அவைலபிள்"னு சொல்லுவேன். அவ்வளவு பெருமை.

ஒரு நாள் சாயங்காலம் 4:20. ஒரு கஸ்டமரோட முகவரியை மாத்தணும்னு சப்போர்ட் டீம் கேட்டாங்க. மூணு வரி அப்டேட் எழுதினேன். எந்த ரோவை மாத்தணும்னு சொல்ற வேர் கண்டிஷன் மூணாவது வரியில இருந்தது. மவுஸால செலக்ட் பண்ணும்போது முதல் ரெண்டு வரிதான் செலக்ட் ஆச்சு. ரன் பண்ணிட்டேன். ஆட்டோ கமிட் வேற ஆன்ல இருந்தது.

வேர் இல்லாத அப்டேட். மரமே சாஞ்சது. எல்லாக் கஸ்டமரோட முகவரியும் ஒரே மேடவாக்கம் முகவரியா மாறிடுச்சு.

முதல்ல தோணினது, "பரவாயில்ல, ரெப்ளிகா இருக்கே." போய்ப் பார்த்தேன். ரெண்டு ரெப்ளிகாவிலயும் எல்லாரும் மேடவாக்கத்துலதான் இருந்தாங்க. ஒரு செகண்ட்கூட ஆகல. ரெப்ளிகேஷன் தன் வேலையைச் சுத்தமா பண்ணியிருந்தது. என் தப்பை ரெண்டு காப்பி எடுத்து பத்திரமா வச்சிருந்தது.

கதையோட மீதியை அப்புறம் சொல்றேன். இப்போ மேல்சித்தாமூர் போயிட்டு வந்துடுவோம்.

காஞ்சி பேர்ல ஒரு மடம், காஞ்சியில இல்ல

என்கூட வேலை பார்க்கற ஒரு நண்பன் திண்டிவனம் பக்கத்துக்காரன். தமிழ் ஜைனர் குடும்பம், நயினார்னு சொல்லுவாங்க. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அவன் ஊருக்குப் போனோம். அங்கருந்து பைக்ல மேல்சித்தாமூர்.

திண்டிவனத்துலருந்து செஞ்சி போற ரோட்டுல போய் உள்ள திரும்பணும். விழுப்புரம் மாவட்டம். சின்ன ஊர்தான். ஆனா தமிழ் ஜைனர்களுக்கு அதுதான் தலைமையிடம். பார்சுவநாதருக்குப் பெரிய கோயில் இருக்கு. இன்னொரு பக்கம், ஒரு பாறையில தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கியிருக்காங்க, 9-ம் நூற்றாண்டு வேலை. இதோட மடமும் இருக்கு. மடத்தோட பேர் ஜினகாஞ்சி மடம்.

பேரைக் கவனிச்சீங்களா? ஜினகாஞ்சிங்கறது காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கற திருப்பருத்திக்குன்றம். மடம் முதல்ல அங்கதான் இருந்தது, பிறகு மேல்சித்தாமூருக்கு வந்ததுன்னு மரபு சொல்லுது. இடம் மாறிடுச்சு, பேர் மாறல. தேடி வர்றவங்களுக்கு அதே ஜினகாஞ்சிதான்.

நம்ம வேலையில இதுக்குப் பேர் ஃபெயில்ஓவர். பிரைமரி சர்வர் போயிடுச்சு, இன்னொரு சர்வர் அந்த வேலையை எடுத்துக்குது. ஆனா உங்க ஆப் பழைய ஐபி முகவரியையே தேடிட்டு இருந்தா பிரயோஜனம் இல்ல. அதனாலதான் சர்வருக்கு நேரா கனெக்ட் பண்ணாம ஒரு பேருக்கு கனெக்ட் பண்றோம். அந்தப் பேர் இன்னைக்கு எந்த சர்வரைக் காட்டணும்னு பின்னாடி மாத்திக்கலாம். டிஎன்எஸ், வர்ச்சுவல் ஐபி, நடுவுல ஒரு ப்ராக்ஸி, எதுவா இருந்தாலும் ஐடியா ஒண்ணுதான். பேர் நிலையா இருக்கணும், இடம் மாறலாம்.

ஓலைக்கும் டிஸ்க்குக்கும் ஆயுசு உண்டு

மடத்துல ஓலைச்சுவடிகள் இருக்கு. அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினதும் நண்பனோட தாத்தாகிட்ட பேச்சு அந்தப் பக்கம் போச்சு.

"தாத்தா, இந்த ஓலை எத்தனை வருஷம் தாங்கும்?"

"நல்லா வச்சிருந்தா எங்க ஆயுசு மாதிரி நாலஞ்சு ஆயுசு தாங்கும் தம்பி. வைக்கலைன்னா செல்லு ஒரே மழைக்காலத்துல முடிச்சிடும்."

நம்ம ஊர் வெக்கையிலயும் ஈரத்துலயும் ஓலைக்கு ஆயுசு சில நூறு வருஷம்தான். ஆனா ஆயிரம் வருஷத்துக்கு முந்தின நூல்களை நாம இன்னைக்குப் படிக்கிறோம். எப்படி? ஓலை தாங்கினதால இல்ல. ஓலை சாகறதுக்குள்ள யாரோ ஒருத்தர் புது ஓலையில பெயர்த்து எழுதினதால. அந்தப் புது ஓலை சாகறதுக்குள்ள இன்னொருத்தர். மீடியா சாகும், டேட்டா தொடரும். ஹார்ட் டிஸ்க்கும் இதே ரகம்தான். அது சாகுமான்னு கேக்காதீங்க. எப்ப சாகும்னு மட்டும் கேளுங்க.

ஜைனர்கள்கிட்ட இதுக்குன்னு ஒரு மரபே உண்டு: சாத்திர தானம். நூலைப் பிரதி எடுத்து மத்தவங்களுக்குக் கொடுக்கறது புண்ணியம். 10-ம் நூற்றாண்டுல கன்னட தேசத்துல அத்திமப்பேன்னு ஒரு அம்மா, பொன்னன் எழுதின சாந்திபுராணத்தை 1,000 பிரதி எடுக்க வச்சு விநியோகம் பண்ணினதா வரலாறு சொல்லுது. இன்னைக்கு நாம மூணு காப்பி வைக்கறதுக்கே பட்ஜெட் மீட்டிங் போடறோம்.

இப்போ எதிர்ப்பக்கம் பார்ப்போம். ஐம்பெருங்காப்பியங்கள்ல சீவக சிந்தாமணி, வளையாபதி ரெண்டுமே ஜைனக் காப்பியங்கள். சிந்தாமணியை 1887-ல உ.வே.சாமிநாதையர் அச்சுல கொண்டு வந்தார். பல ஊர்கள்லருந்து பல பிரதிகளைத் தேடி வாங்கி, ஒப்பிட்டு, புரியாத இடங்களை ஜைனர்கள்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் பதிப்பிச்சார். பல பிரதி இருந்தது, நூல் பிழைச்சது.

வளையாபதி? மாணவரா இருந்த காலத்துல திருவாவடுதுறை மடத்துல வளையாபதி ஏட்டைப் பார்த்ததா உ.வே.சா.வே எழுதியிருக்கார். பிறகு தேடினப்போ அது கிடைக்கல. இன்னைக்கு நம்மகிட்ட இருக்கறது சுமார் 70 பாட்டு. அதுவும் காப்பியத்தோட ஏட்டுலருந்து வந்ததில்ல. புறத்திரட்டுங்கற தொகுப்பு நூல்லயும், பழைய உரையாசிரியர்கள் காட்டின மேற்கோள்லயும் ஒட்டிக்கிட்டு வந்தது.

ஒரே ஒரு காப்பி, அது போனா எல்லாம் போச்சு. சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்னு நாம சொல்றது இதைத்தான்.

பிரைமரியும் ரெப்ளிகாவும் எப்படிப் பேசிக்குது

சரி, மெக்கானிசத்துக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ்ஸை உதாரணமா எடுத்துக்கலாம்.

நீங்க ஒரு ரோவை மாத்தினா போஸ்ட்கிரெஸ் நேரா டேபிள் ஃபைல்ல போய் எழுதிடாது. முதல்ல ஒரு லாக்ல, "இந்த இடத்துல இந்த மாற்றம்"னு எழுதி, அதை டிஸ்க்ல பத்திரப்படுத்தும். ரைட்-அஹெட் லாக்னு பேர். கணக்குப்பிள்ளை பேரேட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நாள்குறிப்புல எழுதற மாதிரி. கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்து மீதியைச் சரி பண்ணிக்கலாம்.

ரெப்ளிகேஷன் இந்த லாக் மேலதான் நிக்குது. பிரைமரி தன் லாக்கை ரெப்ளிகாவுக்கு வரிக்கு வரி அனுப்பிட்டே இருக்கும். ரெப்ளிகா அதை வாங்கி, அதே வரிசையில தன்கிட்ட செஞ்சுக்கும். எழுதறதெல்லாம் பிரைமரியில மட்டும். ரெப்ளிகாவுல படிக்கலாம், எழுத முடியாது.

ஏடு பெயர்த்து எழுதும்போது ஒருத்தர் வாசிப்பார், இன்னொருத்தர் எழுதுவார். இதுல ரெண்டு விதமா வேலை நடக்கலாம். வாசிக்கறவர் தன் பாட்டுக்கு வாசிச்சுட்டே போறார், எழுதறவர் பின்னாடி ஓடி வர்றார். இது அசிங்க்ரனஸ். வேகம் நல்லா இருக்கும். ஆனா எழுதறவர் எப்பவும் கொஞ்சம் பின்தங்கி இருப்பார். அந்த இடைவெளிக்குப் பேர் லேக். பிரைமரி அந்த நிமிஷம் செத்தா, ரெப்ளிகாவுக்கு வந்து சேராத கடைசிச் சில வரிகள் போச்சு.

இன்னொரு விதம்: ஒவ்வொரு வரி முடிஞ்சதும் எழுதறவர் "ஆச்சு"ன்னு சொன்னாத்தான் வாசிக்கறவர் அடுத்த வரிக்குப் போவார். இது சிங்க்ரனஸ். கஸ்டமருக்கு "உங்க ஆர்டர் பதிவாயிடுச்சு"ன்னு சொல்றதுக்கு முன்னாடியே ரெண்டு இடத்துல எழுதியாச்சு. ஒண்ணு செத்தாலும் டேட்டா போகாது.

அப்போ எப்பவும் சிங்க்ரனஸே வச்சுக்கலாமே? முடியாது. இயற்பியல் விடாது. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டுல சுமார் 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போக 5 மில்லிசெகண்ட், "ஆச்சு" திரும்பி வர 5. கேபிள் நேர்க்கோட்டுல போகாது, நடுவுல கருவிகள் வேற இருக்கு. அதனால நிஜத்துல இன்னும் கூட ஆகும். வெறும் 10 மில்லிசெகண்ட்னே வச்சுக்கங்க. ஒரே ரோவை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மாத்தற வேலைன்னா, நொடிக்கு 100 தடவைக்கு மேல முடியாது. இதுக்கு மேல எவ்வளவு காசு போட்டு சர்வர் வாங்கினாலும் இந்த எண் ஏறாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. எழுதறவர் மயங்கி விழுந்துட்டார்னு வைங்க. வாசிக்கறவர் "ஆச்சு"ங்கற வார்த்தைக்காக வாயை மூடிட்டு காத்துட்டே இருப்பார். பிரைமரி நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு கமிட்டும் நடக்காது. பாதுகாப்புக்கு வச்ச ரெப்ளிகாவே கடையை மூட வச்சிடும். அதனாலதான் ரெண்டு ரெப்ளிகா வச்சு, "யாராவது ஒருத்தர் ஆச்சுன்னு சொன்னாப் போதும்"னு போஸ்ட்கிரெஸ்ல அமைக்கறாங்க.

2021 பிப்ரவரி 24

இது வெறும் தியரி இல்ல. பங்குச் சந்தையில இருக்கறவங்களுக்கு அந்தத் தேதி ஞாபகம் இருக்கும். காலையில 11:40-க்கு என்எஸ்இ வர்த்தகத்தை நிறுத்திடுச்சு. திரும்ப ஆரம்பிச்சது மதியம் 3:45-க்கு. அன்னைக்கு மட்டும் 5 மணி வரைக்கும் நீட்டிச்சாங்க.

என்எஸ்இ கொடுத்த விளக்கத்தோட சாரம் இது. மெயின் சைட்டுக்கும் பக்கத்து டிஆர் சைட்டுக்கும் நடுவுல ரெண்டு டெலிகாம் கம்பெனியோட லிங்க் போட்டிருந்தாங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு. ஆனா ரோட்டுல நடந்த தோண்டற வேலையால ரெண்டுமே பாதிச்சது. லிங்க் போனதும், ரெண்டு சைட்டுக்கும் நடுவுல டேட்டாவைக் காப்பி பண்ணிட்டிருந்த ஸ்டோரேஜ் சிஸ்டம் எதிர்பார்த்தபடி நடந்துக்கல. மெயின் சைட்டுலயே அந்த ஸ்டோரேஜ் எட்டாம போச்சு. கிளியரிங் பக்கத்து ரிஸ்க் மேனேஜ்மெண்ட் சிஸ்டம் நின்னுது. அது இல்லாம வர்த்தகம் நடத்தக் கூடாது.

நல்லாப் பாருங்க, மெயின் சைட்டுல எந்த மெஷினும் எரிஞ்சு போகல. காப்பி எடுக்கற பாதை அறுந்தது, அதனால ஒரிஜினலும் நின்னுது. வாசிக்கறவர் வாயை மூடிட்ட கதைதான்.

பாதிப்பு யாருக்கு? அன்னைக்கு பிஎஸ்இ ஓடிட்டிருந்தது. என்எஸ்இ திரும்ப வருமா வராதான்னு தெரியாம, சில புரோக்கர்கள் கஸ்டமர்களோட இன்ட்ராடே பொசிஷனை பிஎஸ்இ-ல முடிச்சிட்டாங்க. அப்புறம் நேரம் நீட்டிப்பு அறிவிப்பு வந்தது. நடுவுல மாட்டினவங்க சாதாரண சின்ன டிரேடர்கள்.

இதுல ரெண்டு பாடம். ஒண்ணு, ரெண்டு கம்பெனியோட லிங்க் இருக்குங்கறதால ரெண்டும் தனித்தனின்னு அர்த்தமில்ல. ரெண்டும் ஒரே குழியில போனா அது ஒரே லிங்க்தான். ஒரே அலமாரியில ரெண்டு ஏடு வச்ச மாதிரி. 1981-ல யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரிச்சப்போ சுமார் 97,000 நூல்கள் போச்சு, ஓலைச்சுவடிகளோட சேர்த்து. அச்சுப் புத்தகத்துல பலது வேற ஊர்ல கிடைக்கும். வேற எங்கயும் பிரதி இல்லாத ஏடு கிடைக்காது. காப்பி எத்தனைன்னு எண்ணறது முதல் கேள்விதான். ஒரே காரணத்தால எத்தனை காப்பி சேர்ந்து சாகும்னு அடுத்து கேக்கணும்.

ரெண்டாவது பாடம், முடிவெடுக்கற நேரம். 2021 மார்ச்சுல செபி விதியை இறுக்கினது. முக்கியமான சிஸ்டம் நின்னா 30 நிமிஷத்துக்குள்ள அதை டிசாஸ்டர்னு அறிவிக்கணும். அறிவிச்சதுலருந்து 45 நிமிஷத்துக்குள்ள டிஆர்-ல ஓட ஆரம்பிக்கணும். ஏன் அறிவிக்கறதுக்குக்கூட ஒரு கெடு? "இன்னும் அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்"னு நினைச்சே மணிக்கணக்குல போகும். ஆன்-கால் பார்த்த எல்லாருக்கும் இது தெரியும்.

ரெண்டு ராஜா ஆபத்து

"அப்போ ஃபெயில்ஓவரை ஆட்டோமேட்டிக்கா வச்சிடலாமே?" வைக்கலாம். ஆனா ஒரு ஆபத்து இருக்கு. பிரைமரி பதில் சொல்லலைன்னா, அது செத்துடுச்சா, இல்ல நடுவுல இருக்கற கம்பி அறுந்துடுச்சா? ரெப்ளிகா பக்கத்துலருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். செத்துட்டதா நினைச்சு ரெப்ளிகா பட்டம் கட்டிக்குது. ஆனா பழைய ராஜா உயிரோட இருக்கார், அவர்கிட்டயும் ஆட்கள் எழுதிட்டிருக்காங்க. இதுக்குப் பேர் ஸ்பிளிட் பிரெயின்.

சுவடிப் பதிப்புல இதோட சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார்: பாடபேதம். ஒரே நூல் ரெண்டு ஊர்ல தனித்தனியா பெயர்த்து எழுதப்பட்டு, ரெண்டு இடத்துலயும் தனித்தனியா மாறிட்டே வருது. நூறு வருஷம் கழிச்சுப் பக்கத்துல வச்சா, எது சரின்னு ஏடு சொல்லாது. ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியா ஒப்பிடணும். உ.வே.சா. பண்ணினது அந்த வேலைதான்.

2018 அக்டோபர் 21-ல கிட்ஹப்புக்கு அந்த வேலை வந்தது. அமெரிக்காவோட கிழக்குக் கரையில 43 செகண்ட் நெட்வொர்க் அறுந்தது. வெறும் 43 செகண்ட். ஆட்டோமேட்டிக் சிஸ்டம் மேற்குக் கரையில புது பிரைமரியைத் தேர்ந்தெடுத்துடுச்சு. கிழக்குல எழுதினதுல கொஞ்சம் மேற்குக்குப் போகல, மேற்குல புதுசா எழுதினது கிழக்குல இல்ல. சரி பண்ண ஆன நேரம் 24 மணி 11 நிமிஷம். டேட்டா முக்கியம்னு அவங்க வேணும்னேதான் மெதுவா போனாங்க.

இதைத் தவிர்க்கத்தான் கோரம். மூணு பேர், இல்ல அஞ்சு பேர் ஓட்டுப் போடணும். பெரும்பான்மை கிடைச்சவர்தான் பிரைமரி. மூணுல ரெண்டு ஓட்டு ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்துல கிடைக்காது. பழைய பிரைமரிக்குப் பெரும்பான்மை தெரியலைன்னா அது தானா எழுதறதை நிறுத்திக்கணும். ரெண்டே நோடு வச்சு ஆட்டோ ஃபெயில்ஓவர் போட்டிருக்கறவங்க, தயவு செஞ்சு இன்னைக்கே போய்ப் பாருங்க. ஆனா கோரமும் முழுக் காப்பு இல்ல. கிட்ஹப்லயும் ஓட்டெடுப்பு நடந்துதான் மாறுச்சு. காப்பி ஆகாத கடைசி வரிகளை ஓட்டு கொண்டு வந்து தராது.

இருக்கு, ஆனா எட்டாது

இன்னொரு வித்தியாசம் சொல்லிடறேன், இண்டர்வியூவுல கேப்பாங்க. டேட்டா அழியாம இருக்கறது ஒண்ணு, வேணும்ங்கற நேரத்துல கிடைக்கறது வேற. திகம்பர ஜைனர்களோட மூல ஆகமம் ஷட்கண்டாகமம். அதோட பழைய சுவடிகள் பல நூற்றாண்டு கர்நாடகத்துல மூடபித்ரியில மட்டும்தான் பத்திரமா இருந்தது. பக்தர்கள் தரிசனம் பண்ணலாம். உட்கார்ந்து படிக்கறது பெரும்பாலும் நடக்கல. 1939-லதான் அச்சுல முதல் தொகுதி வந்தது. டேட்டா அழியல, ஆனா அவ்வளவு காலம் அவைலபிள் இல்ல.

நம்ம உலகத்துல அவைலபிலிட்டியை ஒன்பதுகள்ல அளக்கறோம். 99.9 சதவீதம்னா வருஷத்துக்கு சுமார் 8 மணி 45 நிமிஷம் கடை மூடியிருக்கலாம். 99.99-னா சுமார் 52 நிமிஷம். 99.999-னா அஞ்சே கால் நிமிஷம். ஒவ்வொரு ஒன்பதுக்கும் செலவு ஏறும். அதனால முதல்ல பிசினஸ்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. எவ்வளவு நேரம் மூடியிருந்தா தாங்குவீங்க? எவ்வளவு நேரத்து டேட்டா போனா தாங்குவீங்க? மருந்து டெலிவரிக்கு ஒரு பதில் வரும், மீம் ஆப்புக்கு வேற பதில் வரும்.

மூணு நாள் போன் பண்ணின கதை

இப்போ என் கதைக்கு வர்றேன்.

ரெப்ளிகா கைவிட்டதும் பேக்கப்புக்கு ஓடினோம். ராத்திரி 2 மணி பேக்கப் இருந்தது. பழைய கஸ்டமர்களோட முகவரியை அதுலருந்து எடுத்துட்டோம். ஆனா 2 மணியிலருந்து 4:20 வரைக்கும், 14 மணி நேரத்துல புதுசா வந்தவங்க, முகவரி மாத்தினவங்க, அறுநூத்துச் சொச்சம் பேர். லாக்கை அழிக்காம வேற இடத்துல சேர்த்து வச்சிருந்தா, 4:19 நிலைமைக்கே திரும்பப் போயிருக்கலாம். பாயிண்ட்-இன்-டைம் ரெக்கவரின்னு பேர். அந்த செட்டிங்கை, டிஸ்க் இடம் மிச்சம் பிடிக்க நாங்கதான் ஆஃப் பண்ணி வச்சிருந்தோம்.

அப்புறம் என்ன பண்ணினோம்னா, ஆர்டர் உறுதி பண்ணி கஸ்டமருக்கு அனுப்பின மெயில்கள்ல முகவரி இருந்தது. அதைத் தோண்டினோம். கூரியர் லிஸ்ட்ல கொஞ்சம் கிடைச்சது. எதுலயும் கிடைக்காதவங்களுக்குப் போன். மூணு நாள். பாதிப் பேர் வயசானவங்க. இன்சுலினுக்குக் காத்துட்டிருந்த ஒரு பாட்டி, "என்ன தம்பி, நேத்துதானே அட்ரஸ் சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. அவங்க கோபப்படலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

மேல்சித்தாமூர்லருந்து திரும்பி வரும்போது வண்டியில இதைத்தான் நினைச்சுட்டு வந்தேன். மூல ஏடு போய், மத்தவங்க மேற்கோள் காட்டின இடத்துலருந்து பொறுக்கி எடுத்தது வளையாபதி. நாங்க பண்ணினதும் அதுதான். வித்தியாசம் என்னன்னா, எங்ககிட்ட போன் நம்பர் இருந்தது.

அதனால இதை எழுதி ஒட்டி வச்சுக்கங்க: ரெப்ளிகா வேற, பேக்கப் வேற. மெஷின் சாகும்போது காப்பாத்தறது ரெப்ளிகா. மனுஷன் தப்புப் பண்ணும்போது காப்பாத்தறது பேக்கப். பழைய ஏட்டுல புள்ளி வைக்கற வழக்கம் கிடையாது. குறிலா நெடிலா, காலா ரகரமான்னு படிக்கறவர்தான் ஊகிக்கணும். ஒருத்தர் தப்பா ஊகிச்சு எழுதினா, அவர் பிரதியைப் பார்த்து எழுதின பத்துப் பேர்கிட்டயும் அந்தத் தப்பு இருக்கும். காப்பி எண்ணிக்கை கூடினா தப்பு சரியாயிடாது. வேணும்னே ஒரு மணி நேரம் பின்தங்கி வர்ற ரெப்ளிகா ஒண்ணு வச்சுக்கலாம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் ரெண்டுலயும் அந்த செட்டிங் இருக்கு. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள கவனிச்சா, தப்பு அங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடி நிறுத்திடலாம்.

கட்டை அவிழ்த்துப் பாருங்க

கடைசியா ஒண்ணு. பேக்கப் இருக்குன்னு நம்பறதும், இருக்கறதும் ஒண்ணில்ல. 2017 ஜனவரி 31-ல கிட்லாப்ல ஒரு இன்ஜினியர், ரெப்ளிகேஷன் பிரச்சினையைச் சரி பண்ணும்போது, ரெப்ளிகான்னு நினைச்சு பிரைமரியோட டேட்டாவை அழிச்சிட்டார். சுமார் 300 ஜிபியில மிஞ்சினது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினா, பேக்கப் டூல் வெர்ஷன் 9.2, டேட்டாபேஸ் 9.6. பல நாளா பேக்கப்பே எடுக்கல. ஃபெயில் ஆச்சுன்னு சொல்ற மெயிலும் வந்து சேரல. வேற வேலைக்காக 6 மணி நேரம் முன்னாடி யாரோ எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்தினது. இதுல அவங்க மறைக்காம இருந்தாங்க. மீட்கற வேலையை யூட்யூப்ல நேரலையா காட்டினாங்க.

திகம்பர ஜைனர்களுக்கு சுருத பஞ்சமின்னு ஒரு நாள் உண்டு. நூல்களைக் கொண்டாடற நாள். சுவடிகளை வெளியே எடுத்து, தூசி தட்டி, புதுத் துணியில சுத்தி, பூஜை பண்ணுவாங்க. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு இன்ஜினியர் கண்ணால பாருங்க: வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துப் பார்த்தே ஆகணும். செல்லு அரிச்சிருந்தா அன்னைக்குத் தெரிஞ்சுடும். பங்குச் சந்தையும் இப்போ அதைப் பண்ணுது. 2024 மார்ச் 2, சனிக்கிழமை. காலையில முதல் செஷன் மெயின் சைட்டுலருந்து, 11:30-க்கு ரெண்டாவது செஷன் டிஆர் சைட்டுலருந்து, நிஜப் பணத்தோட. மே 18-லயும் அப்படியே.

உங்களுக்கு ஹோம்வொர்க் இதுதான். இந்த வாரம் உங்க பேக்கப் ஒண்ணை எடுத்து, ஒரு காலி மெஷின்ல ரெஸ்டோர் பண்ணுங்க. எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு குறிச்சுக்கங்க. ஒரு டேபிளைத் திறந்து உள்ள நிஜமாவே டேட்டா இருக்கான்னு பாருங்க. பெரிய கம்பெனின்னு இல்ல, உங்க போன்ல இருக்கற அம்மா அப்பா போட்டோவுக்கும் இதே விதிதான்.

கிளம்பும்போது தாத்தா வாசல் வரைக்கும் வந்தார். நான் என்ன வேலை பார்க்கறேன்னு கேட்டார். "எழுதினது அழியாம பாத்துக்கற வேலை தாத்தா"ன்னு சொன்னேன். "நல்ல வேலைதான். ஒரே ஏட்டுல மட்டும் வைக்காதே"ன்னார்.

அடுத்த எபிசோடுல பாக்கலாம். ரெஸ்டோர் பண்ணிப் பார்த்துட்டு, என்ன ஆச்சுன்னு மெயில் போடுங்க. ஃபெயில் ஆனாலும் போடுங்க. அதைத்தான் நான் அதிகமா எதிர்பார்க்கறேன்.